ஞாயிற்றுக்கிழமை வராத காய்ச்சல்

அத்தியாயம் 7

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுக்கிற காய்ச்சலை நீ எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியாலே?"

வேனை ஓட்டிக்கொண்டே செல்லத்தாய் அக்கா கேட்டார்.

"கவர்மெண்ட் காய்ச்சலா இருக்கும்க்கா. ஆனா கவர்மெண்டுன்னா சனிக்கிழமையும் வராதே?"

"சனிக்கிழமை வருது. மழை பெஞ்சா வரலை. மேகம் போட்டாலும் வரலை."

"அப்போ அது காய்ச்சல் இல்லக்கா. எங்க வாப்பா கடையில வேலை பாக்குற லோடுமேன்."

அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு கம்பெனி முதலாளி, எரிந்துபோனதாகச் சொன்ன சரக்கை அடுத்த தெருவிலேயே விற்றுக்கொண்டிருந்து மாட்டினபோது. பட்டாசு ஆலைத் தீ விபத்துகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம் விசாரித்தவர் அக்கா. பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேல் இருந்த மரியாதையெல்லாம் வற்றிப்போய், மிச்சமிருந்த எரிச்சலை முதலாகப் போட்டு சிவகாசியில் ஒரு அச்சகத்து மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் சுஃபியான். விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி செய்யது அபுதாஹிரின் மூத்த மகன். கடையில் உட்காரப் பிடிக்காமல் அக்காவிடம் உதவியாளனாக ஓடி வந்தவன். சம்பளம் சுமார்தான், திட்டு மட்டும் தாராளம்.

என் மடியில் அந்த ரிப்போர்ட் கிடந்தது. 'காலநிலை மாற்றமும் இடஞ்சார் திட்டமிடலும்: ஒரு முன்னோடி ஆய்வு.' பசுந்தடம் ஆய்வு மையம் வெளியீடு. வழவழப்பான தாள். அட்டையில் பாளம் பாளமாக வெடித்த நிலம். நம்ம ஊர் நிலமும் இல்லை. ஓரத்தில் ஒரு ஒட்டகத்தின் நிழல் தெரிகிறது. விருதுநகர் மாவட்டத்தில் இவர்கள் ஒட்டகத்தை எங்கே பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு வரைபடம். ஊரெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு. தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஊர் மட்டும் ரத்தச் சிவப்பு. அதுதான் மேலக் கரிசலூர்.

"வெப்பத்தால் வரும் காய்ச்சல் மாவட்டத்திலேயே அதிகம் உள்ள ஊர். மனிதக் குடியிருப்புக்குத் தகுதியற்றது" என்று அடியில் எழுதியிருந்தது. அதை நம்பி நிலப் பயன்பாட்டுத் திட்ட வரைவிலும் அந்த ஊரைச் சிவப்பாக்கி, ஜனங்களை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று யோசனை சொல்லிவிட்டார்கள். ஒரு ஊரைத் தூக்கிப்போட இந்த ஆட்களுக்கு ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா போதும்.

பின் சீட்டில் ஷைலா சிஸ்டர் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலக் கரிசலூரின் கிராமச் சுகாதார நர்ஸ். எங்களுக்கு இந்தக் கேஸைக் கொடுத்தவர். இந்த ஊரில் கோடை முழுக்கக் காய்ச்சல் என்கிறது ரிப்போர்ட். காய்ச்சலே இல்லை என்கிறது ஷைலா அனுப்பிய கணக்கு. ரிப்போர்ட்டில் படம் இருக்கிறது, ஷைலாவிடம் படம் இல்லை. ஆகவே ஷைலா காய்ச்சலை மறைத்தார் என்று முடிவு கட்டி சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இன்றைக்குப் பதினோரு மணிக்கு விருதுநகரில் கடைசி விசாரணை. வேலையை விட்டே எடுத்துவிடப் போவதாக ஆபீஸில் ஏற்கெனவே பேச்சு. ஒத்தச் சம்பளத்தில் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்.

"வீடு வீடா ஏறி எறங்குறவ நான்" என்றார் ஷைலா. "காய்ச்சல் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இல்லைங்குறாக. அந்த ஆய்வு மையத்துக்காரவுக போன்ல கேட்டா மட்டும் இருக்குங்குறாக. எனக்கு ஒன்னும் வெளங்கலை."

"அதான் இப்போ பாக்கப் போறோம்" என்றார் அக்கா. "போன்ல இருக்குன்னு சொன்னது யாரு, எதுக்குச் சொன்னாகன்னு."

ஆய்வு மையத்தின் தலைவர் டாக்டர் டி.கே.யை நேற்றுப் பார்த்திருந்தோம். இந்த வெயிலில் கோட்டு. வாசலில் கார் நின்றபடியே ஏசி ஓடிக்கொண்டிருக்க, உள்ளே அரை மணி நேரம் கார்பன் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினார். "நான் பக்கா சென்னை. உங்க ஊர்த் தமிழ் எனக்குச் சுத்தமாப் புரியாது மேடம்" என்று ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரிச் சொன்னார். புரியாத ஊரை எப்படி ஐயா ஆராய்ந்தீர்கள் என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அக்கா என் காலை மிதித்ததால் கேட்கவில்லை.

மேலக் கரிசலூருக்குப் பாதை பிரியும் விலக்கில் பெண்கள் கம்பெனி வேனுக்காகத் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். இருபது பேராவது இருக்கும். மனிதக் குடியிருப்புக்குத் தகுதியற்ற ஊரின் காய்ச்சல்காரிகள் ஒருத்தி தலையில் ஒருத்தி பூ வைத்துவிட்டுக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க நர்ஸம்மா, வேலைக்கு வந்துட்டீகளா?" என்று முதலில் ஓடிவந்தவர் சின்னத்தாய். சக்கர வெடி செய்யும் பிரிவில் வேலை. நல்ல தாட்டியான உடம்பு.

ஷைலா பதில் சொல்வதற்குள் சின்னத்தாயின் போன் அடித்தது. அடுத்தவள் போனும் அடித்தது. பிறகு வரிசையாக எல்லாப் போனும் அடித்தது. "வந்துட்டான்டி" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள். சின்னத்தாய் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி:

"வணக்கம். இது வெயில் குறித்த ஆய்வு. நேற்று உங்கள் பகுதியில் காய்ச்சல் இருந்ததா? இருந்தது எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில் இரண்டை அழுத்தவும்."

சின்னத்தாய் ஒன்றை அழுத்தினார். பக்கத்திலிருந்தவளும் ஒன்று. வரிசை முழுக்க ஒன்று.

ஷைலாவுக்கு முகமே போய்விட்டது. "ஏன் சின்னத்தாயி, நேத்துக் காய்ச்சலா? நேத்து ராத்திரிகூடப் போன் பண்ணிக் கேட்டேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஆமா நர்ஸம்மா, நேத்து நல்ல காய்ச்சல்."

"நல்ல காய்ச்சலா? மாத்திரை போட்டியா இல்லையா?"

"மாத்திரையா?" சின்னத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில மேடையில பரப்புன சக்கரம் மத்தியானத்துக்குள்ள சலசலன்னு காஞ்சு போச்சு. அதுக்கு எதுக்கு நர்ஸம்மா மாத்திரை?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடப்பாவிகளா! வத்தல் கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். வாப்பா வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற வார்த்தை. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் இரண்டு. உடம்பு சுடுவது ஒன்று. வெயிலில் போட்ட சரக்கு காய்வது இன்னொன்று. வத்தலுக்குக் காய்ச்சல், மல்லிக்குக் காய்ச்சல், மருந்து திணித்த வெடிக்கும் காய்ச்சல். வெயில் பற்றிய ஆய்வு என்று சொல்லிவிட்டுக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டால், பட்டாசுக் கம்பெனிப் பெண் வேறு என்னத்தைச் சொல்வாள்? ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, மேடையில் சரக்குக் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. மேகம் போட்டால் காய்ச்சல் கிடையாது. மழைக்காலத்தில் சுத்தமாகக் கிடையாது.

"நாங்க எங்களுக்குக் காய்ச்சல்னா சொன்னோம்? வெயில் ஆபீஸ்ல இருந்து கேக்குறாகன்னுல நெனச்சோம்" என்றார் சின்னத்தாய். "ஏன், தப்பா அமுக்கிட்டமா?"

ஷைலா விஷயத்தைச் சொன்னார். வரைபடம், சிவப்பு, ஊரை மாற்றுவது, தன் சஸ்பெண்ட், எல்லாம். கேட்கக் கேட்கப் பெண்களின் சிரிப்பு நின்றது.

"ஒன்னை அமுக்குனதுக்கு ஊரையே தூக்குவாகளா?" சின்னத்தாய் கையிலிருந்த போனைப் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "கிறுக்குப்பயலுக. நேர்ல வந்து ஒரு வாய் கேட்டா என்ன, காலு தேஞ்சா போகும்?"

வேன் வந்தது. பெண்கள் ஏறினார்கள்.

"முடிஞ்சதுக்கா கேஸு!" என்றேன் நான். "நேரா விருதுநகர், விசாரணை, வெற்றி, சிஸ்டர் செலவுல பிரியாணி."

"வெண்ணெய்" என்றார் அக்கா. "இதைப் போய்ச் சொன்னா அந்த டி.கே. என்ன சொல்லுவான் தெரியுமா? மொழிக் குழப்பம்பான். நான் சென்னைக்காரன், எனக்கெப்படித் தெரியும்பான். அதிகாரியும் அப்பாடான்னு தலையை ஆட்டுவாரு. ஷைலாவுக்குக் கொஞ்சம் பெரிய மனசு பண்ணி ஒரு எச்சரிக்கைக் கடுதாசி. தப்பு யார் மேலயும் இல்லைன்னா படத்தை யாருலே மாத்துவா? சிவப்பு சிவப்பாவே கெடக்கும்."

"நெசமாவே அவருக்குத் தெரியலைன்னா?"

"அம்பது ஊருக்குப் போன் போட்டிருக்கான். மத்த ஊருல என்னைக்காச்சும் ஒருத்தருக்கு வந்த காய்ச்சல். வெடி காயப்போடுற இந்த ஊருல மட்டும் நல்ல காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பாத்தா சின்னப் பிள்ளைக்கே சந்தேகம் வரும். இவன் அதுக்குக் காரணம் எழுதி வச்சிருக்கான், படி."

படித்தேன். "வாராந்திர ஓய்வின் காரணமாக ஞாயிறுகளில் உடல் வெப்பம் தணிவது கண்டறியப்பட்டுள்ளது." கண்டறிந்த கைக்கு ஒரு முத்தம் வைக்க வேண்டும்!

"தெரிஞ்சு பண்ணுனவனா, தெரியாமப் பண்ணுனவனா. அதுதான் எனக்கு வேணும்" என்றார் அக்கா. "உங்க வாப்பா கடை தொறந்திருக்குமா?"

விருதுநகர் பஜாரில் வாப்பா வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். எனக்குப் போடவில்லை.

"அண்ணாச்சி, நல்லாக் காயாத வத்தல் ரெண்டு கை வேணும்."

வாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் கடையில காயாத சரக்கா? யாரும்மா சொன்னது? இவனா?"

"நான் வாயே தொறக்கலை வாப்பா!"

"இருந்தா கொடுங்க அண்ணாச்சி. ஒரு நல்ல காரியத்துக்குத்தான்."

வாப்பா அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, திருப்பி அனுப்ப வைத்திருந்த ஒரு மூட்டையிலிருந்து ரெண்டு கை அள்ளிப் பேப்பரில் கட்டினார். "எங்க கடைச் சரக்குன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீக. மானம் போயிரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

விசாரணை அதிகாரி ஞானசீலனின் அறைக்கு வெளியே ஒரு வராண்டா. பெஞ்சில் ஷைலா. பக்கத்தில் அக்கா. ஞானசீலன் அறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவதற்கென்றே பிறந்தவர் மாதிரி ஒரு முகம். இந்த ஆளிடமா ஷைலா சிஸ்டரின் சோறு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டி.கே.யின் கார் வந்து நின்றது. அக்கா பொட்டலத்தைப் பெஞ்சில் பிரித்துப் போட்டுவிட்டு என் மேல் பாய்ந்தார்.

"ஏலே, உங்க வாப்பா என்னை ஏமாத்திப்புட்டாருல! இதெல்லாம் ஒரு வத்தலா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாப்பாவைச் சொன்னால் சும்மா இருப்பேனா? "முதல் தரச் சரக்குக்கா! உங்களுக்குப் பாக்கத் தெரியலை."

"எனக்கா தெரியலை? நிறத்தைப் பாரு!"

"நிறத்துக்கென்ன? ரத்தினம் மாதிரி இருக்கு!"

டி.கே. எங்களைக் கடந்து ரெண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். இந்த மண்ணில் வளர்ந்தவன் வத்தல் சண்டையைத் தாண்டிப் போக மாட்டான்.

"சார், நீங்களே சொல்லுங்க. படிச்சவுக" என்றார் அக்கா. "இது நல்ல சரக்கா?"

டி.கே. குனிந்து ஒரு வத்தலை எடுத்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார். விதை சத்தம் போடவில்லை. விரலில் வைத்து வளைத்தார். உடையாமல் வளைந்தது. உதட்டைப் பிதுக்கினார்.

"காய்ச்சல் பத்தலையே. உள்ள ஈரம் இருக்கு. மூட்டை கட்டினா பூசணம் பிடிச்சிரும். இன்னும் ரெண்டு வெயில் போடணும்."

"அதானே! நல்லாச் சொன்னீக சார்" என்றார் அக்கா.

டி.கே. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே போனார். வாசலில் நின்ற ஞானசீலன் டீ டம்ளரோடு ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கைதட்டாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

உள்ளே அக்கா விஷயத்தை நிதானமாகச் சொன்னார். போன் குரல், சின்னத்தாய், சக்கர வெடி, காயப்போடும் மேடை. டி.கே. கண்ணை அகல விரித்துக் கேட்டார். கடைசியில் சிரித்தேவிட்டார்.

"ஓ மை காட்! இது லாங்க்வேஜ் பிராப்ளம் சார். காய்ச்சலுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. யார் மேலயும் தப்பில்லை. அடுத்த கட்ட ஆய்வுல சரி பண்ணிக்கலாம்."

"ஆமா, ஆமா" என்று ஞானசீலன் பேனாவை எடுத்தார். "இந்தம்மாவும் மேலிடத்துக்கு வெளக்கமா எழுதியிருக்கணும். ஒரு எச்சரிக்கையோட முடிச்சிரலாம்."

அக்கா சொன்னது ஒரு வார்த்தை மாறவில்லை. ஷைலா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பொட்டலத்திலிருந்து ஒரு வத்தலை எடுத்து ஞானசீலனின் மேஜையில் வைத்தார்.

ஞானசீலன் அதைப் பார்த்தார். எடுத்துக் காதோரம் குலுக்கினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டர் சார்" என்றார். "காய்ச்சல் பத்தலைன்னு வெளிய நின்னு சொன்னது நீங்கதானே?"

டி.கே. கைக்குட்டையைத் தேடினார்.

"நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு" என்றார் ஞானசீலன். இந்த மனிதரையா கையெழுத்துப் போடப் பிறந்தவர் என்று நினைத்தேன்! மனசுக்குள் ஒரு சலாம் வைத்தேன்.

"அது... அது மிளகாய்க்கு..."

"மிளகாய்க்குத் தெரிஞ்ச அர்த்தம் வெடிக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "டி.கே.ன்னா என்ன சார்?"

"தனுஷ்கோடி."

"சொந்த ஊரு?"

அவர் மேஜையைப் பார்த்தார். "ஏழாயிரம்பண்ணை." எங்கள் மாவட்டத்துப் பட்டாசு ஊர்தான்.

"தெரியாமப் பண்ணுனவர் தெரியலைன்னு சொன்னா நம்பலாம். நீங்க தெரிஞ்சுக்கிட்டே தெரியலைங்குறீக. ஊரையே மாத்திச் சொல்றீக. அப்போ போன்ல அந்தக் கேள்வியும் தெரிஞ்சு வச்சதுதானே?"

சென்னை அந்த நிமிடமே தனுஷ்கோடியை விட்டு ஓடிப்போனது. "வேற என்ன பண்ணச் சொல்றீக? அம்புட்டு ஊரையும் சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. எல்லாம் ஒரே மஞ்சளு. சிவப்பு இல்லாத படத்தை எவன் திரும்பிப் பாப்பான்? கண்டுபிடிப்பு இல்லைன்னா அடுத்த கட்டத்துக்குப் பணம் கிடையாது, ஆபீஸை மூடிட்டுப் போகணும். ஏன், வெயில் ஏறுதுங்கிறது பொய்யா? அந்த வெயில்ல அங்கன உள்ள ஜனங்களுக்கு ஒன்னுமே ஆகலைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"ஆகுது சார்."

பேசியது ஷைலா. எழுந்து நின்றிருந்தார். காலையிலிருந்து அந்த அம்மா குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"வெயில் ஏறத்தான் செய்யுது. தகர செட்டுக்குள்ள நாள் முழுக்க உக்காந்திருக்குற பொம்பளைக தண்ணி குடிக்க மாட்டேங்குறாக. ஒதுங்க இடம் கிடையாது, அதான். நீர்க்கடுப்பு வருது. மயங்கி மயங்கி விழுறாக. நான் மாசாமாசம் எழுதி அனுப்புறேன். உங்க ஆபீஸுக்கே வந்தும் சொன்னேன். அதெல்லாம் படத்துல காட்ட முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டீக."

தனுஷ்கோடி ஏதோ சொல்ல வந்தார். ஷைலா விடவில்லை.

"ஏன் காட்ட முடியாதுன்னு இப்பத்தான் எனக்கு வெளங்குது. காய்ச்சல்னு சிவப்பு அடிச்சா ஊரைக் காலி பண்ணச் சொல்லலாம். நீர்க்கடுப்புன்னு அடிச்சா கக்கூஸ் கட்டிக் கொடுக்கணும்."

ஞானசீலன் எழுத எடுத்து வைத்திருந்த தாளைக் கிழித்தார். புதுத் தாளில் நாலே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஷைலா பக்கம் நகர்த்தினார்.

"சஸ்பெண்ட் ரத்து. எச்சரிக்கையும் கிடையாது. அந்தப் படம் தப்புன்னு திட்டம் போடுறவுகளுக்கு நானே எழுதி, வரைவுல இருந்து எடுக்க வைக்கிறேன். நீங்க நாளைக்கே போய் வேலையில சேருங்கம்மா."

ஷைலா தாளை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் நகரவில்லை.

"சேர்றேன் சார். காலையில வேன் வர்றதுக்கு முன்னாடியே போயிருவேன். ஊருக்கு ஒன்னும் ஆகாதுன்னு சொல்லுவேன், சந்தோசப்படுவாக. அடுத்து அந்தக் கக்கூஸ் எப்போ வரும்னு கேப்பாக. என்ன சொல்லட்டும்?"

ஞானசீலன் பேனாவை மூடினார். பிறகு மறுபடியும் திறந்தார்.